கடிகாரம் சொன்னால் சரியா?

அப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த மூன்றாவது மாதம், என் பகுதி நேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து அவருக்கு ஒரு திறன்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு மூத்த பிள்ளையான நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அதுதான். "தினமும் நடங்கள். ஆனால் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110-ஐத் தாண்ட வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடிகாரம் அதைப் பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதியில் விடுதிக்குத் திரும்பினேன்.

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா நடப்பதையே நிறுத்தியிருந்தார். கடிகாரம் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

"கொஞ்சம் வேகமா நடந்தா 128 காட்டுது பாப்பா. ரெண்டு நாள் திடல்லயே உட்கார்ந்துட்டேன். எதுக்கு வம்பு?" என்றார். மூச்சு வாங்கியதா, நெஞ்சு வலித்ததா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கடிகாரம்தான் பயமுறுத்துது" என்றார்.

நல்லது செய்வதாக நினைத்து நான் வாங்கிய பொருள், நோயிலிருந்து மீண்டு வரும் மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. இவ்வாண்டு மலருக்கு நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதுதான். நம்மில் பலருடைய கையிலும் இன்று இப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. அது காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

முதலில், அது எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை நிற ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். குருதி பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் குருதியின் அளவு சற்றே கூடும். திரும்பி வரும் ஒளி அப்போது சற்றே குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுத்தான் கடிகாரம் எண்ணைச் சொல்கிறது. அதாவது, அது இதயத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. இதயத்தின் வேலை மணிக்கட்டில் விட்டுச்செல்லும் தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறது.

மார்புப் பட்டையின் வழி வேறு. இதயம் சுருங்கும்போது எழும் மின் சமிக்ஞையை, மார்பைச் சுற்றிக் கட்டிய பட்டையிலுள்ள மின்முனைகள் நேரடியாகப் பிடிக்கின்றன. மருத்துவமனையில் எடுக்கும் இசிஜியின் அடிப்படையும் இதுவே. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982-லேயே கம்பியில்லாத இதயத்துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, இது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழக்கப்பட்ட முறை.

என் வகுப்புத் தோழர் ஒருவர் திடல்தட வீரர். அவரிடம் மார்புப் பட்டையை இரவல் வாங்கிக்கொண்டு மறுவாரமே வீட்டுக்குப் போனேன். அப்பாவை ஒருவாறு சம்மதிக்க வைத்து, பட்டையையும் கடிகாரத்தையும் சேர்த்தே கட்டிவிட்டேன். உட்கார்ந்திருந்தபோது இரண்டும் 68 காட்டின. மெதுவாக நடந்தபோதும் பெரிய வேறுபாடு இல்லை. தாமான் திடலைச் சுற்றி வேகமாக நடக்கத் தொடங்கியதும்தான் கதை மாறியது. பட்டை 98 என்றது. கடிகாரம் 126 என்றது. அப்பாவை நிறுத்தி, உடனே அவர் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிகள் எண்ணினேன். 24 துடிப்புகள். நான்கால் பெருக்கினால் 96.

அப்படியானால் அந்த 126 எங்கிருந்து வந்தது? மீண்டும் நடக்கச் சொல்லி அப்பாவின் காலடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு 126 அடிகள்! கை வீசி நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கடிகாரம் தோலின் மீது சற்றே அசைகிறது. குருதியும் அதற்கேற்ப அசைகிறது. அந்தச் சீரான அசைவை இதயத்துடிப்பு என்று கடிகாரம் தவறாக எடுத்துக்கொண்டது. இது பரவலாக அறியப்பட்ட குறைதான். "பாப்பா, இத்தனை நாளா என் காலை எண்ணிட்டு நெஞ்சுன்னு சொல்லியிருக்கு!" என்று அப்பா சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஒரு வீட்டின் அனுபவத்தை வைத்து முடிவு கட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 50 பேரை ஓட்டப் பொறியில் நடக்கவும் ஓடவும் வைத்துச் சோதித்த முடிவு, 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் அச்சானது. இசிஜியுடன் மார்புப் பட்டைக்கு இருந்த பொருத்தம் 0.99, 1 என்றால் முழுப் பொருத்தம். மணிக்கட்டில் கட்டிய நான்கு கருவிகளுக்கு அது 0.83 முதல் 0.91 வரை இருந்தது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஆறு, இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் காட்டின. ஆனால் எரித்த கலோரிக் கணக்கில், இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 விழுக்காடு தவறியது. "500 கலோரி எரித்துவிட்டேன்" என்று நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

இங்கே நமக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. நம் தோலின் நிறம். கரிய தோலில் மெலனின் அதிகம். மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். எனவே நம்மவர்களுக்குத்தான் கடிகாரம் தவறுகிறதோ என்று முதலில் நான் கோபப்பட்டேன். அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இல்லை. கோவிட் காலத்தில் பல வீடுகளில் விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவுமானி, கறுப்பினத்தவர்களிடம் ஆபத்தான ஆக்சிஜன் குறைவை வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் காட்டியது. ஆனால் அதே 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் பல்வேறு தோல் நிறம் கொண்ட 53 பேரிடம் இதயத்துடிப்புக் கருவிகளைச் சோதித்தபோது, நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவின்போதோ, ஓய்வைவிடப் பிழை சராசரியாக 30 விழுக்காடு கூடியது. ஆக, என் கோபம் தவறான இடத்தில் விழுந்திருந்தது. அப்பாவின் கடிகாரத்தைக் குழப்பியது அவருடைய நிறமல்ல, நடை. ஆயினும் 53 பேரிடம் செய்த ஒரு சோதனையோடு இந்தக் கேள்வியை மூடிவிடக் கூடாது. நம்மைப் போன்றவர்களையும் சேர்த்துச் சோதித்தீர்களா என்று விற்பவர்களிடம் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எனவே எல்லாரும் கடிகாரத்தைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மார்புப் பட்டைக்கும் குறைகள் உண்டு. மின்முனைகளை நனைத்துக் கட்டாவிட்டால், வியர்வை வரும்வரை தாறுமாறான எண்களைக் காட்டும். இறுக்கமாக இருக்கும், நாள் முழுவதும் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஓய்விலும் தூக்கத்திலும் துடிப்பு எப்படி இருக்கிறது என்று பல மாதங்கள் தொடர்ந்து பார்க்கக் கடிகாரமே வசதி. அதையும் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, அசையாதபடி கட்டினால் பிழை குறையும். சீரான வேகத்தில் செய்யும் பயிற்சிக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் விட்டுவிட்டு விரைந்து ஓடுபவர், எடை தூக்குபவர், மணிக்கட்டைச் சுழற்றிச் சிலம்பம் ஆடுபவர் ஆகியோருக்கு மார்புப் பட்டையே ஏற்றது.

சில கடிகாரங்களில் இசிஜி வசதி இருக்கிறதே என்பார்கள். அதற்கு அசையாமல் உட்கார்ந்து, மறுகை விரலால் கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓடும்போது அது உதவாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடிகாரம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டும் எல்லைகள் பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பொதுக் கணக்கைப் போன்ற ஒரு சூத்திரத்தில் பிறந்தவை. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் அப்பா போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுடைய எல்லையை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்து இதுதான்: எண் தவறினால் என்ன இழப்பு என்று முதலில் கேளுங்கள். எனக்குத் தவறினால் ஒரு நாள் பயிற்சி வீண், அவ்வளவே. அப்பாவுக்கு மேலே தவறினால் நடை நின்றுவிடுகிறது; கீழே தவறினால் அதைவிட மோசம். மலேசிய இந்தியர்களிடையே இதய நோயும் நீரிழிவும் அதிகம் என்பது நாம் அறிந்ததுதான். அன்னையர் தினத்துக்கும் தந்தையர் தினத்துக்கும் இந்தக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கும் பிள்ளைகள் நாம். கொடுக்கும்போது விரலால் நாடி பார்க்கவும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம். இதய நோயாளிக்கு மருத்துவர் எல்லை வகுத்திருந்தால், மார்புப் பட்டை வாங்குவது பற்றி அவரிடமே கேட்போம். எண் சரியாக இருந்தும் நெஞ்சு வலித்தால், எண்ணை விட்டுவிட்டு வலியை நம்புவோம்.

யார் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்யைத் தேடச் சொன்னார் வள்ளுவர். கடிகாரம் சொல்வதற்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மறுமுறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது நடந்ததையெல்லாம் சொன்னோம். நடையைத் தொடரச் சொல்லிவிட்டார். இப்போது அப்பா மாலைதோறும் மார்புப் பட்டையுடன் திடலைச் சுற்றுகிறார். கடிகாரத்தையும் கட்டிக்கொள்கிறார். மகள் வாங்கித் தந்ததாம், மணி பார்க்கவாவது உதவுமாம்.