நோவு இல்லாதபோதே சோதனை

"உடம்புக்கு ஒன்றும் இல்லையே, ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவேண்டும்?" என்று தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வைரஸ் கிருமி தொற்றி, அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். தொடக்கத்தில் வலி இராது. அதுவே தப்பிக்கும் காலம்!

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனை இலவசம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெண்திட்டு தெரிந்தால் மேல்சோதனை உண்டு. திட்டு என்றாலே புற்றுநோய் என்று அஞ்சவேண்டாம். கெட்ட திசுவை அப்போதே அகற்றிவிடலாம்.

கூச்சம் சில நிமிடம், உயிர் பெரிது. முடிவு செய்யவேண்டியவள் பெண்ணே. அன்று ஒரு வேளை அடுப்பைக் கணவன் பார்த்துக்கொள்ளட்டும்!