ஆறு மாதத்தில் வரச் சொன்னால்...



சென்ற மாதம் வன்னியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். நாற்பது வயதை எட்டாத அந்த அக்கா தனது கிளினிக் கொப்பியைக் காட்டினார். இடது மார்பில் கட்டி. ஸ்கான் செய்து, தீங்கற்றது போல் தெரிவதாகவும் ஆறு மாதத்தில் மீண்டும் வரும்படியும் எழுதியிருந்தார்கள். பதினொரு மாதமாகியும் அவர் போகவில்லை.

"ஒண்டுமில்லை எண்டுதானே தங்கச்சி சொன்னவை. அது 2009இல செல் பீஸ் பட்ட இடம், அதுதான் தடிச்சுக் கிடக்கு. நோவும் இல்லை. போனால் ஒருநாள் கூலியும் போயிடும்" என்றார்.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய்க் கட்டியும் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. எனவே நோவில்லை என்பதை வைத்து ஆறுதலடைய முடியாது.

ஸ்கானில் வைத்தியர் கட்டியின் வடிவத்தையும் ஓரத்தையும் பார்க்கிறார். முட்டை வடிவில், ஓரம் ஒழுங்காக, தோலுக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும் கட்டி அநேகமாகத் தீங்கற்றது. ஓரம் ஒழுங்கற்று, அகலத்தை விட உயரம் கூடியிருந்தால் சந்தேகத்துக்குரியது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மமோகிராம் படமும் எடுப்பார்கள்.

இவற்றை வைத்து கட்டிக்கு ஓர் இலக்கம் கொடுக்கும் முறை உண்டு. 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் அநேகமாகத் தீங்கற்றது. அதாவது 100 பேரில் 2 பேருக்கு மேல் புற்றுநோயாக இராது. அந்த இருவரைத் தவறவிடாமல் இருப்பதற்கே ஆறு மாதத்தில் வரச் சொல்கிறார்கள். சில புற்றுநோய்கள் முதலில் அழகான உருண்டையாகவே தெரியும். வளர்ந்து மாறும்போதுதான் வெளிப்படும். 4, 5 என்றால் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற பயம் வேண்டாம்.

யுத்தத்தில் காயப்பட்ட நாங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறந்து கட்டியாகலாம். அது புற்றுநோய் அல்ல, ஆனால் படத்தில் அதுபோலவே தெரியக்கூடும். அதேபோல், பழைய காயம் உள்ள மார்பிலும் புற்றுநோய் வரலாம். ஆகவே "இது காயத்தால் வந்தது" என்று நாமாக முடிவெடுக்கக் கூடாது. உடலில் சன்னம் இருந்தால் படம் எடுக்க முன்னரே சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் காந்தம் உள்ளேயிருக்கும் இரும்பை அசைக்கக்கூடும்.

கட்டி பெருத்தாலோ, தோல் குழிவிழுந்தாலோ, முலைக்காம்பு உள்ளிழுக்கப்பட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தட்டுப்பட்டாலோ ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம். உடனே செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் தேவையில்லை. எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் பக்கத்து வீட்டுச் சகோதரியைக் கூட்டிச் செல்லுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை அந்த அக்காவுடன் நானும் போகிறேன். பழைய ஸ்கான் அறிக்கையைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். புதியதைப் பழையதுடன் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கட்டி மாறியதா, அப்படியே இருக்கிறதா என்று வைத்தியரால் சொல்ல முடியும். உங்கள் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.