தம்பியிடம் யாரும் கேட்கவில்லை

எங்கள் வீட்டில் செல்போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுவேன். இரண்டு செங்கலை அடுக்கி, அதில் போனைச் சாய்த்து வைப்பேன். தம்பி சட்டை மாற்றி, தலை வாரி, வந்து உட்காருவான். திரையில் மனநல மருத்துவர் வருவார். சுற்றிலும் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருக்கும்.

கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் முப்பத்திரண்டு வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று 1999இல் மதுரையில் சொன்னார்கள். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை மதுரைக்குப் பஸ். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கூட்டம் ஏறினால் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றிவிடும். பாதி வழியிலேயே இறங்கி நடக்கத் தொடங்குவான். எத்தனையோ தடவை அவன் பின்னாலேயே நானும் இறங்கி, வெயிலில் கூடவே நடந்திருக்கிறேன்.

அதனால் தொலைபேசி வழி மருத்துவத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதே தேதியிட்டு, அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் பொறுப்பில் இருந்த நிர்வாகக் குழு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. பஸ் ஓடாத அந்த மாதங்களில் மதுரை டாக்டர் போனில் தம்பியோடு பேசி, மருந்துச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த வருடம் அவனுக்கு ஒருநாள்கூட மாத்திரை விட்டுப்போகவில்லை. அதற்கும் முன்பே, 2010 வாக்கில், சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை இருக்கும், சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார், மருந்தும் அங்கேயே கிடைக்கும். எங்களைப் போன்ற ஊர்களுக்குத் தொலைவழி மனநல சிகிச்சை கஞ்சித்தொட்டி மாதிரி. அது வேண்டாம் என்று வயிறு நிறைந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 2023இல் அந்த மதுரை டாக்டர் ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் போனில் ஒரு செயலியைத் தேடி எடுத்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. பணம் கட்டிய பத்தாவது நிமிடம் வட இந்தியாவிலிருந்து ஒரு மருத்துவர் பேசினார். அரைகுறை ஆங்கிலத்தில் நான் சொன்னேன்: மூன்று வாரமாக ராத்திரி தூங்குவதில்லை, தனக்குத்தானே முனகுகிறான், தட்டைத் தள்ளிவிடுகிறான். தம்பி கீழே திண்ணையில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரிஸ்பெரிடோன் மாத்திரையை இரட்டிப்பாக்கி ஒரு சீட்டு வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பத்து நாளில் தம்பி மரக்கட்டை போல் ஆனான். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. காம்பு கிள்ளும் விரல்கள் நடுங்கி, ஒரு மிளகாய்க்கு ஒரு நிமிடம் ஆனது. செயலியில் திரும்பத் திரும்ப அழைத்தேன். புது மருத்துவரைப் பார்க்க மறுபடி பணம் கட்டச் சொன்னது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் அவனைப் பார்த்துப் பதறி, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை வீடியோவில் பிடித்துக் கொடுத்தார். சின்ன வயதுப் பெண். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். “அம்மா, ஒரு நிமிஷம். அண்ணே, நீங்க சொல்லுங்க. ராத்திரி ஏன் தூக்கம் வரலை?” என்று கேட்டார் அவர். தம்பி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கன்னத்தைத் தொட்டுக் காட்டி, “பல்லு வலிக்குது” என்றான்.

கடைவாயில் சொத்தைப் பல். நர்ஸம்மா டார்ச் அடித்துப் பார்த்தார், ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. தூக்கமின்மைக்கும் முனகலுக்கும் தட்டைத் தள்ளியதற்கும் காரணம் அதுதான். அவனை வளர்த்த எனக்கே அதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுவதைத் தடுக்கத் தொலைமருத்துவ நெறிமுறைகளில் வழி இல்லாமல் இல்லை. வயது வந்த நோயாளி கூட இல்லாதபோது உறவினர் பேச வேண்டுமென்றால், அவரிடம் முறையான அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும், அல்லது முன்பு நேரில் சந்தித்தபோதே அவர் யார் என்பது உறுதியாகியிருக்க வேண்டும். என்னிடம் எதையும் யாரும் கேட்கவில்லை. கேட்காததைப் பற்றி நான் புகார் செய்ய நினைத்தபோதுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் படிக்கையில் என் கண் கலங்கியது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இதே ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்த ஆடி மாதத்தில் எங்கள் அம்மா தம்பியை அங்கே கொண்டுபோய் விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சங்கிலியை 2017 சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. நோயாளிக்கு மரியாதை, அந்தரங்கம், தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கும் உரிமை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கண்முன் நின்றது ஒரு கட்டடம். 28ஆவது பிரிவின்படி, சேவையில் குறை இருந்தால் நோயாளி முதலில் மனநல நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் முறையிடலாம். திருப்தி இல்லையென்றால் மறுஆய்வு வாரியத்துக்கும், அடுத்து மாநில ஆணையத்துக்கும் போகலாம். எல்லாம் ‘மனநல நிறுவனத்தில்’ நேர்ந்த குறைக்கு. மனநல நிறுவனம் என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்கிறது: நோயாளிகள் அனுமதிக்கப்பட்டுத் தங்கும், அல்லது வைக்கப்படும் இடம். என் தம்பி எங்கேயும் தங்கவில்லை. அவன் திண்ணையில் இருந்தான், மருத்துவர் வடக்கே எங்கோ இருந்தார், செயலியின் அலுவலகம் வேறொரு மாநிலத்தில். இதில் எந்த மாநிலத்து ஆணையத்தின் கதவைத் தட்டுவது? மருத்துவர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம் என்றார்கள். அது அந்த ஒருவரின் நடத்தையை விசாரிக்கும். நோயாளியைப் பார்க்காமல் சீட்டு எழுத வசதி செய்து கொடுத்த அந்த முழு ஏற்பாட்டை யார் விசாரிப்பது?

சிகிச்சைக் குறிப்புகளையாவது கொடுங்கள் என்று கேட்டேன். கணக்கு என் போன் எண்ணில் இருந்ததால் குறிப்பும் என் பெயரில்தான் இருந்தது. அந்த நிறுவனத்தின் ஏட்டில் மனச்சிதைவு நோயாளி நான். தம்பி அங்கே இல்லவே இல்லை.

சட்டம் காலத்தை முற்றிலும் பார்க்கத் தவறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நோயாளியைப் பற்றி மின்னணு வடிவில் சேமிக்கப்பட்ட தகவலுக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று 24ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தகவல் கம்பி வழியே போகும் என்று 2017இலேயே யோசித்தவர்கள், சிகிச்சையே கம்பி வழியே வரும் என்று யோசிக்கவில்லை. இப்போது அது நாட்டின் அன்றாடம். 2022 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. தம்பி விறைத்துக் கிடந்த ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நானும் அந்த எண்ணை அழைத்தேன். தமிழில், அவசரப்படாமல் ஒரு பெண் பேசினார். என் மூச்சு சீரானது. இத்தனை பெரிய சேவையைப் பற்றி மனநலச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை.

நெறிமுறைகள் போதாதா, எதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் என்னிடம் கேட்டார். போதாது. 2020 நெறிமுறைகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. போன் வழியே ஆலோசனை சொல்லும் உளவியலாளரும் ஆலோசகரும் அதற்குள் வரவில்லை. செயலிகளில் எங்களோடு அதிகம் பேசுவது அவர்கள்தான்.

சட்டச் சொல் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். கொரோனா காலத்தில் அங்கே நோயாளிகளை வீடியோவில் பரிசோதித்துக் கட்டாய அனுமதிக்குப் பரிந்துரைத்தார்கள். அந்நாட்டின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் ‘நேரில்’ என்று இருப்பதற்கு உடல் அளவில் எதிரே இருப்பதுதான் பொருள், வீடியோ செல்லாது என்று 2021 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது: நேரில் பரிசோதிக்க நடைமுறையில் வழியில்லாதபோது, உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய முடியும் என்று மருத்துவருக்குத் தோன்றினால் மட்டும் வீடியோ பரிசோதனை. நம் சட்டத்தின் 89ஆவது பிரிவு, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகவும் முப்பது நாள் வரை சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. அதற்கு இரண்டு பேர், அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ, தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். நேரிலா, திரையிலா? சட்டம் சொல்லவில்லை. இந்த இடத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ஒரு மனிதனின் முப்பது நாளை எடுத்துக்கொள்ளும் முடிவு, அக்காவோ அண்ணனோ பிடித்திருக்கும் போனின் திரையில் தெரியும் முகத்தை வைத்து நடக்கக் கூடாது. சொத்துத் தகராறில் தம்பியைப் பைத்தியம் என்று நிரூபிக்கத் துடித்த அண்ணன்மாரை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

மற்றதற்கெல்லாம் போனுக்கு வழிவிடுங்கள், ஆனால் சட்டத்துக்குள் கொண்டுவந்து வழிவிடுங்கள். படுக்கை இருந்தால்தான் மனநல நிறுவனம் என்பதை மாற்றி, தொலைவழி சேவை தருகிறவர்களையும் பதிவுக்கும் புகாருக்கும் உட்படுத்துங்கள். புகார், நோயாளி இருக்கும் மாநிலத்தில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் மருத்துவர் முதலில் நோயாளியைப் பார்த்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, சிறிது நேரமாவது தனியே பேச வேண்டும். எங்கள் புது டாக்டர் இதைத் தானாகவே செய்கிறார். முதல் தடவை, “அம்மா, கொஞ்சம் கீழே போய் இருக்கீங்களா?” என்று அவர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அன்று படியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

மருந்துக்கும் ஒரு வரி வேண்டும். சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் இலவசம் என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு மருந்து கொடுக்கும் இடத்தில், போனில் வந்த சீட்டு செல்லாது, ஓபி சீட்டு வாங்கி வா என்று என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுக்கு ஆளை நேரில் கூட்டிவர வேண்டுமாம். அப்புறம் எதற்குப் போன்?

இன்னொரு பயமும் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்த பத்தாண்டுக்குள் மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுக்கு உயர்த்த அரசுகள் முயல வேண்டும் என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. கெடு 2028 மே மாதம். 2015–16 தேசிய மனநல ஆய்வில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று தெரியவந்தது. போன் வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு என்று யாரும் சொல்லிவிடாதபடி திருத்தம் இருக்க வேண்டும். தம்பியின் ஈறைப் பார்த்தது திரை இல்லை, டார்ச் பிடித்த நர்ஸம்மா.

போன மாதம் தம்பி தன் முன்கூட்டிய அறிவுறுத்தலை எழுதினான். தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்பதை முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையை 5ஆவது பிரிவு அவனுக்குத் தந்திருக்கிறது. என் பழைய பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டு வரிதான் எழுதினான்: “மாத்திரை மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட கேக்கணும். என்னை எங்கயும் கட்டக் கூடாது.” கீழே கையெழுத்து, தேதி. அந்தத் தாளின் நகல் கைக்கு வராத மருத்துவர் அதைப் பின்பற்றாமல் போனால் அவர் பொறுப்பில்லை என்கிறது சட்டம். எங்கள் டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். நாளை நான் இல்லாத ஒரு ராத்திரியில், யாரோ ஒருவர் எந்த ஊரிலிருந்தோ அவனுக்குப் போனில் மருந்து எழுதும்போது, இந்த இரண்டு வரி அவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.