பன்னிரண்டா, இருபதா?



கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் கூடினால், பேச்சு காட்டுப்பன்றியில் வந்து நிற்கும். ராத்திரியோடு ராத்திரியாக இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறதே! "வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டால் பன்றிக்கும் ஆச்சு, வீட்டுக் காவலுக்கும் ஆச்சு. 12 போர் நல்லதா, 20 போர் நல்லதா?" என்று ஒருவர் கேட்பார். இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் இந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் போர் எண். ஆகவே எண் சிறுத்தால் குழல் பெருக்கும். 12 போர் குழலின் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6 தான். 20 போர் துப்பாக்கி கனம் குறைவு, தோளில் உதைப்பதும் குறைவு. ஆனாலும் பன்றிக்கு என்றால் என் ஓட்டு 12-க்குத்தான். ஈயம் கூடுதலாகப் போகும். நம் நாட்டில் அதிகம் புழங்குவதும் அதுவே.

இரண்டு அளவையும் ஒரே வீட்டில் வைக்கவே கூடாது. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, பிடித்த கையே போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதனால்தான்.

இனி வீட்டுக் காவலுக்கு வருவோம். நம் தோட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். பன்றிக்குப் போடும் பெரிய ரவை அந்தப் பலகையைத் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுத் தொட்டில்வரை போகும். சின்ன ரவையும் பத்தடி தூரத்தில் சிதறாமல் கட்டியாகத்தான் பாயும். ரவைத் துப்பாக்கிக்குக் குறியே வேண்டாம் என்பது சினிமாக் கதை. 12 ஆனால் என்ன, 20 ஆனால் என்ன, அந்தச் சுவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். தோட்டத் தொழிலாளருக்காகப் பாடுபட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அது அவசரகாலம். இன்றும் சட்டம் இலேசானதல்ல. போலீஸ் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டுமே. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கி கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தால் மகன் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

திருடனைச் சுட்டாலும் கேள்வி உண்டு. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய உரிமையில்லை என்று தண்டனைச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு சொல்கிறது. பன்றிக்கும் சட்டம் இருக்கிறது! 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டையாடுவதற்குப் பெர்ஹிலித்தான் இலாகாவின் லைசென்ஸ் தனியாக வேண்டும்.

நிலம் உங்கள் பெயரில் இருந்து, பன்றித் தொல்லையும் உண்மையானால், போலீஸ் நிலையத்தில் முறைப்படி மனுச் செய்யுங்கள். கிடைத்தால் 12 போர் வாங்குங்கள். துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. நிலமில்லாதவர்களுக்கு, வீட்டுக்கு மட்டும் என்றால், நான் துப்பாக்கியே சொல்லமாட்டேன். கதவுக்கு நல்ல இரும்புத் தாழ்ப்பாள், பின்வாசலில் ஒரு விளக்கு, குரைக்கிற நாய், 999. கன்றுகளைச் சுற்றி இப்போதைக்குக் கம்பிவலை கட்டிவிடுங்கள். அதற்கு யாருடைய லைசென்சும் வேண்டாம்.