களஞ்சியத்துக்குள் வரவேண்டிய கருவி

திருவண்ணாமலை, செய்யாறு, ஆரணி போன்ற ஊர்களில் மெல்லிய படலம் பூசும் கருவியோ செயற்கைச் சூரிய விளக்கோ வாங்க வசதியில்லாத இயற்பியல் துறைக்குச் சிமுலேஷனே சோலார் செல் ஆய்வுக்கூடம். பலரும் கையாள்வது பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்கேப்ஸ். கேட்கும் ஆய்வாளர்களுக்கு அதை இலவசமாகத் தருகிறார்கள். அந்த நன்றி மறக்கக்கூடாதது. ஆனால் அது விண்டோஸுக்கானது, மூலநிரலும் திறந்ததல்ல. திறந்த மூலநிரலோடு வருபவையும் உண்டு: நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் சிம்சலாபிம், அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தின் செசமி, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சோல்கோர். இவற்றை டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்துக்குள்ளும், அதை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்குள்ளும் சேர்ப்பது கணினிக்காரர்களின் உபரி வேலை அல்ல, இயற்பியல் ஆய்வின் ஒரு பகுதி.

ஏன் என்பதற்குச் சிலிக்கானின் உள்ளார்ந்த ஊர்தி அடர்த்தியைப் பாருங்கள். பழைய பாடநூல்களில் கன சென்டிமீட்டருக்கு 1.45 × 10¹⁰. 1990களின் தொடக்கத்தில் வந்த அளவீடுகளுக்குப் பிறகு 1.0 × 10¹⁰. தெவிட்டு மின்னோட்டம் இதன் இருமடிக்கு நேர்விகிதம் என்பதால், அறை வெப்பநிலையில் திறந்த சுற்று மின்னழுத்தம் ஏறத்தாழ 19 மில்லிவோல்ட் மாறிவிடும். 700 மில்லிவோல்ட் தரும் செல்லில் இது 2.7 விழுக்காடு, இதைவிடச் சிறிய முன்னேற்றத்துக்கே கட்டுரைகள் வெளியாகின்றன. நிரலுக்குள் எந்த மதிப்பு இருந்தது, எந்தப் பதிப்பில் மாறியது என்று தெரியாமல் எந்த முடிவையும் சரிபார்க்க முடியாது. டெபியனில் ஒவ்வொரு பொதியோடும் மூலநிரலும் மாற்றக் குறிப்பும் உரிம விவரமும் வருகின்றன. பழைய பதிப்புகளை ஸ்னாப்ஷாட் காப்பகம் வைத்திருக்கிறது.

பைத்தானின் 'பிப்' கட்டளையில் நிறுவிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். நிறுவிய அன்று ஓடும். பைத்தான் கணித நிரலகமான நம்பையின் 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பு பழைய பெயர்கள் சிலவற்றை நீக்கியபோது, அவற்றை நம்பியிருந்த ஆய்வு நிரல்கள் நின்றுபோயின. களஞ்சியத்தில் உள்ள பொதிக்குத் தானியங்கிச் சோதனை எழுதப்பட்டிருந்தால், அதை முறிக்கும் புதிய நம்பையே அடுத்த கட்டத்துக்குப் போகாமல் தடுக்கப்படும். கண்டெய்னரில் அடைத்துவைப்பதும் தீர்வல்ல: அது பழைய சூழலை உறையவைக்கிறது, பழுதைச் சரிசெய்வதில்லை. களஞ்சியப் பதிப்பு பழையதாகிவிடும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. பெரோவ்ஸ்கைட்டில் அயனி நகர்வை ஆராய்பவருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை வரும் நிலைத்த வெளியீடு போதாது. அவர் மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்ளட்டும். முதுகலை வகுப்பு முழுவதும் ஒரே கணக்குக்கு ஒரே விடையைப் பெற நிலைத்த பதிப்புதான் வேண்டும்.

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. இயந்திரமும் இயங்குதளமும் வந்தன; சோலார் செல் படிப்பவருக்கான கருவி அதில் வரவில்லை. அந்தப் பொதியை யார் பராமரிப்பது என்பதே அன்றும் இன்றும் உண்மையான தடை. கட்டுரைகளை எண்ணும் பல்கலைக்கழகங்கள் பொதி பராமரிப்பையும் முதுகலைத் திட்டப்பணியாக ஏற்க வேண்டும். சிம்சலாபிமிலிருந்து தொடங்கலாம்: பாஸ்கலில் எழுதப்பட்டது, ஃப்ரீ பாஸ்கல் தொகுப்பி டெபியனில் ஏற்கெனவே இருக்கிறது, உரிமமும் கட்டற்றது. டெபியன் மாநாடு 2023இல் கொச்சியிலேயே நடந்தது. பொதி கட்டத் தெரிந்தவர்கள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒரு மின்னோட்ட–மின்னழுத்த வளைவு சரியா தவறா என்று அவர்களால் சொல்ல முடியாது. கையால் தீர்க்கக்கூடிய எளிய பி-என் சந்திக்கு விடை எழுதி, எவ்வளவு விலகல் வரை ஏற்கலாம் என்று வரையறுத்து, அதைச் சோதனையாகச் சேர்ப்பது இயற்பியல் துறைகளின் வேலை.