ஹெட் போல்ட்டில் சிக்கனம் எதுவரை?

மழை விழுந்ததும் தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் கேழ்வரகுக்கு உழவு ஓட்டியாக வேண்டும். மானாவாரி நிலத்தில் ஈரம் நிற்பது சில நாட்களே. அந்த நாட்களில் டிராக்டர் பட்டறையில் நின்றால் பட்டம் தவறிவிடும். வாடகைக்கு ஓட்டுபவராக இருந்தால் வருமானமும் போகும்.

பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டு எஞ்சினுக்கு முழு வேலை பார்த்த பிறகும், சில வாரங்களிலேயே ரேடியேட்டரில் குமிழி வருகிறது, தண்ணீர் குறைகிறது, ஆயில் பால் போல் வெளுக்கிறது என்று விவசாயிகள் முறையிடுவதுண்டு. உடனே கேஸ்கட் மட்டம் என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. புதுக் கேஸ்கட் வாங்கி அதே பழைய போல்ட்டுகளைக் கொண்டு மறுபடியும் இறுக்குகிறோம். கோளாறு போல்ட்டில் இருக்குமானால் எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் பயனில்லை.

போல்ட் செய்யும் வேலை

ஹெட் போல்ட்டைக் கெட்டியான ஒரு ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது இழுக்கும் இழுப்புதான் ஹெட்டையும் கேஸ்கட்டையும் பிளாக்கின் மீது அழுத்திப் பிடிக்கிறது. 9 செ.மீ. குறுக்களவுள்ள சிலிண்டரில் சதுர செ.மீட்டருக்கு 80 கிலோ அழுத்தம் உண்டாவதாகக் கணக்கிட்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை 5 டன்னுக்கு மேல் வரும். நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தத் தள்ளல் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 900 தடவை நடக்கிறது.

எல்லைக்குள் நீண்ட போல்ட், கழற்றியதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். எல்லை தாண்டி நீண்ட போல்ட் திரும்பாது. அதை மீண்டும் இறுக்கினால் கைக்கு இறுகியது போலத் தோன்றும், பிடிப்பு இராது.

எதை மாற்றுவது, எதைப் போடுவது?

"இருபது வருஷமாகப் பழைய போல்ட்டையே போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. தடித்த ஸ்டட்டும் நட்டும் கொண்ட பழைய மாடல் எஞ்சின்களில், எல்லைக்குள் இறுக்கப்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்து மீண்டும் போடலாம். நல்ல போல்ட்டைத் தூக்கி எறிவதும் வீண் செலவே.

ஆனால் எஞ்சின் கையேட்டில், குறிப்பிட்ட விசைக்கு இறுக்கியபின் மேலும் 90 டிகிரி போன்ற ஒரு கோணம் திருப்பும்படி சொல்லியிருந்தால் எச்சரிக்கை வேண்டும். அவ்விதம் இறுக்கப்படும் போல்ட்டுகளில் பல, எல்லையைத் தொட்டு நீளும்படியே வடிவமைக்கப்பட்டவை. கையேட்டில் நீள வரம்பு கொடுத்திருந்தால் அளந்து பார்த்து, வரம்புக்குள் இருப்பதை மட்டும் போடலாம். வரம்பு எதுவும் இல்லையென்றால் புதிய செட்டையே போட வேண்டும்.

சாதாரண போல்ட், ஸ்டட்டுகளைச் சோதிப்பது எளிது. கம்பி பிரஷ்ஷால் துடைத்து, ஒரே நீளமுள்ளவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் அது நீண்டுவிட்டது. மரைக்கு மேலே உடல் இளைத்திருக்கிறதா என்று காலிப்பரால் அளக்க வேண்டும். புதிய நட் ஒன்றை விரலால் திருகினால் மரை முழுதும் தங்குதடையின்றி ஓட வேண்டும்; நடுவில் பிடித்தால் மரை இழுபட்டிருக்கிறது. துரு தின்று குழி விழுந்தது, வளைந்தது, கீறல் கண்டது எதுவும் ஆகாது. இரண்டு மூன்று கெட்டிருந்தால் மற்றவையும் அதே உழைப்பைக் கண்டவை. செட்டாக மாற்றுவதே நலம்.

லேத்தில் கடைந்த ஸ்டட்

ஓசூரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஸ்டட் முறிந்தால் ஒரு மணி நேரத்தில் புதிதாகக் கடைந்து வாங்கிவிடலாம் என்ற வசதியே இங்கு ஆபத்தாக முடிகிறது. சாதாரண இரும்புக் கம்பியில் கடைந்த ஸ்டட், பதம் ஏற்றிய உலோகக் கலவை எஃகுக்கு ஈடாகாது. ஆலையில் மரையை உருட்டி அழுத்தி உண்டாக்குகிறார்கள். லேத்தில் வெட்டிய மரை, ஓயாத அதிர்வில் அதைவிடச் சீக்கிரம் களைத்து முறியும்.

கடையில் வாங்கும் போல்ட்டின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை தாங்கும். 10.9 என்றால் 1,000 தாங்கும். 10.9 கேட்கும் இடத்தில் 8.8 போடக்கூடாது. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் எஞ்சின் மாடலையும் பாகத்தின் எண்ணையும் சொல்லி வாங்க வேண்டும்.

இறுக்கும் முறை

நல்ல போல்ட்டும் இறுக்கும் முறை தவறினால் கெடும். நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. மரையில் துருவும் மண்ணும் இருந்தால் அந்த ஒரு பங்கும் குறைந்துவிடும். எனவே மரையைச் சுத்தம் செய்து, கையேடு சொன்னால் மட்டும், சொன்ன அளவே எண்ணெய் இட வேண்டும். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அந்த அழுத்தத்தில் பிளாக்கே வெடிக்கலாம். நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டின் வரிசைப்படி, இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். அளவு எந்த அலகில் உள்ளது என்றும் பார்க்க வேண்டும்: 10 கிலோகிராம் மீட்டர் என்பது சுமார் 98 நியூட்டன் மீட்டர்.

இதற்கெல்லாம் டார்க் ரெஞ்ச் தேவை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-இல் அசோக் லேலண்ட் லாரி ஆலை தொடங்கிய ஊர் ஓசூர். எஞ்சின் போல்ட்டை அளவு பார்த்து இறுக்குவது ஆலைகளில் அன்றாட நடைமுறை. அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமத்துப் பட்டறைகளில் ஸ்பானர் முனையில் குழாயைச் செருகிக் கைக்கணக்கில் இறுக்குவது ஏன் தொடர வேண்டும்? இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. வருஷத்தில் சில எஞ்சின்களே பிரிக்கும் சிறிய பட்டறைக்கு நல்ல டார்க் ரெஞ்ச் பெரிய செலவு.

2014-15 முதல் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் வாடகை மையங்களுக்கு மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. உழவு இயந்திரம் வாடகைக்கு விடும் மையமும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும் ஆளுக்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்து நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். டிராக்டருக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. வேளாண் பொறியியல் துறை பயிற்சிகளில், ஓட்டுவதோடு ஹெட் இறுக்குவதையும் செய்து காட்ட வேண்டும்.

விவசாயிகளும் சும்மா இருக்கலாகாது. எஞ்சினைப் பிரிக்குமுன் கையேட்டைத் தேடி எடுங்கள். மதிப்பீடு கேட்கும்போதே ஹெட் போல்ட்டுக்கும் விலை கேளுங்கள். கழற்றிய போல்ட்டுகளை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். சில எஞ்சின்களில் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும், சிலவற்றில் தொடவே கூடாது. உங்களுடையது எந்த வகை என்று கேட்டு எழுதி வையுங்கள். முழு வேலைக்கு ஆகும் செலவில் ஒரு செட் போல்ட்டின் பங்கு சொற்பம். அதை மிச்சம் பிடிக்கப் போய் உழவு நாளில் ஹெட்டை மறுபடியும் கழற்ற நேர்ந்தால், போன ஈரம் திரும்பி வராது.