கொட்டியவன் அள்ளட்டும்!

கன்னிவாடிக் களத்துமேட்டில் நெல் தூற்றும்போது தூசி பறக்கிறது. உழவன் தும்முகிறான், ஆயினும் சினங்கொள்வதில்லை. பதர் பறந்தால் நெல் மிஞ்சும் என்பதை அவன் அறிவான். தூசியும் அவனுக்கே, நெல்லும் அவனுக்கே! அது நியாயம்.

அந்தி சாய்கிறது. அவன் வீட்டில் மின்விளக்கு எரிகிறது. அந்த ஒளி எங்கிருந்து வருகிறதென்று எண்ணியதுண்டா, தோழனே? மின்கம்பி மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. தமிழகத்துக்கு மின்சாரம் வழங்கும் நிலையங்களுள் ஒன்று, எண்ணூரை அடுத்த வடசென்னை அனல் மின் நிலையம். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை சாம்பல். எரித்து எஞ்சும் அச்சாம்பல், நீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியே குளத்தில் கொட்டப்படுகிறது. அந்தச் சாம்பல் குளத்தின் ஓரத்தில் ஓர் ஊர். செப்பாக்கம் என்று பெயர்!

நீர் வற்றுகிறது, காற்று வீசுகிறது, சாம்பல் எழுகிறது. சோற்றுப் பானையில் சாம்பல், குடிநீர்க் குடத்தில் சாம்பல், தொட்டில் துணியிலும் சாம்பல்! நாடகத்தில் சுடுகாட்டுக் காட்சிக்கு நாங்கள் சாம்பல் தூவுவதுண்டு. திரை விழுந்ததும் துடைத்துவிடுவோம். செப்பாக்கத்திலோ திரை விழுவதே இல்லை!

“மின்சாரம் வேண்டாமா?” என்று மேதாவிகள் கேட்கின்றனர். வேண்டும், ஐயா, வேண்டும்! நம் வீட்டு அடுப்பும் எரியத்தான் வேண்டும். அதற்காக அடுப்புச் சாம்பலைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணில் கொட்டலாமா?

வழியில்லையா? உண்டு. குளத்தின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்கலாம். நிரம்பிய குளத்தை மண்ணிட்டு மூடலாம். உலர்ந்த சாம்பலை மூடிய வண்டிகளில் சிமெண்ட் ஆலைக்கும் செங்கல் பட்டறைக்கும் அனுப்பலாம். சிமெண்டில் கலந்தால் சாம்பலுக்கு விலை உண்டு. ஏழையின் மூச்சில் கலந்தால் மட்டும் இலவசமா?

சட்டமும் இல்லாமலில்லை. பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் ஈடு கட்ட வேண்டும் என்கிறது, மத்திய அரசின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. சாம்பலின் எடைக்குக் கணக்கு உண்டு. அதைச் சுவாசித்த நெஞ்சுக்குக் கணக்கு எங்கே?

திண்டுக்கல் சீமைக்கு இந்த வழக்கு புதிதன்று. தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்தபோது, 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும்! திண்டுக்கல் உட்பட 5 மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. தோல் முதலாளிக்கு ஒரு நீதி, அரசு ஆலைக்கு வேறொரு நீதியா? எந்த ஆட்சியில் எவ்வளவு கொட்டப்பட்டது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது வீண். கொட்டியது அரசின் ஆலை, அள்ளவேண்டியதும் அரசே. ஆளுவோர் எவராயினும் இந்தக் கடனிலிருந்து தப்ப முடியாது.

கன்னிவாடித் தோழனே! விளக்கு நம் வீட்டில். சாம்பல் அவர்கள் வீட்டில். அவர்கள் எழுப்பும் குரலோடு நம் குரலும் சேரட்டும். தூற்றியவன் நெல்லை அள்ளுகிறான். கொட்டியவன் சாம்பலை அள்ளட்டும்!